ஷாவோலின் சாக்கர்: குங்ஃபூவும் கால்பந்தும் கலந்த படத்தை முழுமையாகப் பார்ப்பதற்கான வழிகாட்டி

2001ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வெளியான ‘ஷாவோலின் சாக்கர்’, தற்காப்புக் கலையையும் குழு விளையாட்டையும் நகைச்சுவையில் இணைத்த படங்களில் இன்றும் முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது. ஸ்டீபன் சௌ எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த இப்படம் ஹாங்காங்கில் மட்டும் 6 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் வசூலித்து, அதுவரை வெளிவந்த உள்ளூர்ப் படங்கள் அனைத்தையும் முந்தியது. 2002ஆம் ஆண்டின் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய விருதுகள் இதற்குக் கிடைத்தன.

இத்தனை பெயர் பெற்ற படத்தைப் பலர் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு, பந்து தீப்பிடித்துப் பறக்கும் காட்சிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது இப்படத்துக்குச் செய்யும் குறை. இந்தப் படம் குங்ஃபூவைக் கேலி செய்வதில்லை. குங்ஃபூவை முழு மனத்தோடு நம்பும் ஒரு மனிதனை, அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லாத ஒரு நகரத்தில் நடமாட விடுகிறது. அவனோ ஒருபோதும் சிரிப்பதில்லை. நாம் சிரிப்பது அதனால்தான். இறுதியில் நம் கண் கலங்குவதும் அதனால்தான். இதைக் காண்பதற்கு எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், எந்தெந்த இழைகளைத் தொடர வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசுவதால், இதுவரை பார்க்காதவர்கள் முதல் இரண்டு படிகளை மட்டும் படித்துவிட்டு, படத்தைப் பார்த்த பிறகு திரும்பி வருவது நல்லது.

முதல் படி: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இப்படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உள்ளன. ஹாங்காங்கில் வெளியான காண்டனீஸ் மொழிப் பதிப்புகளுள் நீளமானது ஏறத்தாழ 113 நிமிடம் ஓடும். அமெரிக்க உரிமையை வாங்கிய மிராமேக்ஸ் நிறுவனம், படத்துக்கு ஆங்கில மொழிமாற்றமும் செய்து, அதை 90 நிமிடத்துக்கும் குறைவாக வெட்டி, வெளியீட்டைப் பலமுறை தள்ளிப்போட்டு, இறுதியில் 2004ஆம் ஆண்டுதான் அங்கே திரையிட்டது. வெட்டப்பட்ட அந்தப் பதிப்பை முதலில் பார்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கால்பந்துப் போட்டிகள் அதிலும் இருக்கின்றன. ஆனால் போட்டிகளுக்கு நடுவே இருக்கும் மூச்சு விடும் இடங்கள் பறிபோய்விடுகின்றன. இந்தக் கதையின் உயிர் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

நீளமான காண்டனீஸ் பதிப்பை வசன வரிகளுடன் பார்ப்பதே முறை. ஸ்டீபன் சௌவின் குரலில் ஒரு தட்டையான அமைதி உண்டு. மிக அபத்தமான ஒன்றைச் சொல்லும்போதும், வங்கியில் விண்ணப்பப் படிவம் கேட்பவர்போல் அவர் பேசுவார். வேற்றுக் குரலில் மொழிமாற்றம் செய்யும்போது முதலில் தொலைவது இந்த அமைதிதான். அது தொலைந்தால் நகைச்சுவையில் பாதி போய்விடும்.

இரண்டாம் படி: பார்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை

ஷாவோலின் என்னும் பௌத்த மடம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சோங் மலைத்தொடரில் உள்ளது. 495ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பது மரபு. இந்த மடத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் போதிதர்மரைத் தென்னிந்தியாவிலிருந்து சென்ற இளவரசர் என்று சீன மரபுகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் அவரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசுவதும் வழக்கம். ஆயினும் ஷாவோலின் போர்க்கலையை அவரே கற்பித்தார் என்னும் செய்தி, அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூலைச் சார்ந்து பரவியது என்பதைச் சீன வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். படத்துக்குள் போதிதர்மர் பேச்சு இல்லை என்றாலும், தமிழ் வாசகர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உரையாடல் விரைவில் அங்கே போய் நிற்கும் என்பதால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது பயனுள்ளது.

படத்துக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொரு செய்தி. சீனப் போர்க்கலை மரபில் வன்மையைச் சார்ந்த புறக்கலை, மென்மையைச் சார்ந்த அகக்கலை என்னும் பகுப்பு நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. எலும்பையும் தசையையும் இறுக்கி, தலையை இரும்பாக்கி, வயிற்றைக் கவசமாக்கும் ஷாவோலின் பயிற்சிகள் முதல் வகையில் வைக்கப்படும். எதிராளியின் விசையை எதிர்க்காமல் வாங்கி, வட்டமாகச் சுழற்றி, அவன் பக்கமே திருப்பிவிடும் தாய்ச்சி இரண்டாம் வகையில் வைக்கப்படும். இந்தப் பகுப்பு மனத்தில் இருந்தால், படத்தின் முடிவு எங்கிருந்தோ வந்து குதித்ததாகத் தோன்றாது.

திரைப்பின்னணியாக இரண்டு பெயர்களை நினைவில் கொள்ளுங்கள். ஒருவர் புரூஸ் லீ. சிறுவயதிலிருந்தே அவரைத் தெய்வமாகக் கருதியவர் ஸ்டீபன் சௌ. மற்றொருவர் ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர் யோய்ச்சி தகஹாஷி. 1981இல் தொடங்கிய அவரது ‘கேப்டன் சுபாசா’ தொடரில் ஒரு பந்து கோலை அடைவதற்குள் பக்கம் பக்கமாகக் கதை நகரும். பந்து காற்றில் வளைந்து, நீண்டு, உருமாறிப் பறக்கும். அந்தத் தொடரின் தாக்கம் இப்படத்தில் வெளிப்படையாகவே தெரியும். சௌவும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கலையும் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று கவனித்தல்

முதல் பார்வையில் எதையும் ஆராயாமல் கதையோடு போங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் அரைமணி நேரத்தை நிதானமாகப் பாருங்கள். படத்தின் அடித்தளம் முழுவதும் அங்கே போடப்படுகிறது.

தொடக்கத்தில் வருபவர் ஃபுங். ‘தங்கக் கால்’ என்று புகழப்பட்ட கால்பந்து வீரர். சக வீரனான ஹுங் நீட்டிய காசோலையை வாங்கிக்கொண்டு ஒரு பெனால்டியை வேண்டுமென்றே தவறவிடுகிறார். கொதித்தெழுந்த கூட்டம் அவரது காலை உடைக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து அதே ஹுங் பெரும் அணியொன்றின் முதலாளி. ஃபுங் அவரிடம் எடுபிடி வேலை செய்யும் நொண்டி. இந்த வேடத்தில் நடித்த இங் மான்-டாட், தொண்ணூறுகள் முழுவதும் சௌவின் படங்களில் இணைபிரியாமல் வந்தவர். 2021 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, ஹாங்காங் ரசிகர்கள் இந்தப் படத்தின் காட்சிகளை எடுத்து எடுத்துப் பகிர்ந்தார்கள். அவரும் சௌவும் முதன்மை வேடங்களில் சேர்ந்து நடித்த கடைசிப் படம் இதுதான்.

அடுத்து வருபவன் சிங். ஷாவோலினில் பயின்றவன், நகரத்தில் குப்பை பொறுக்குகிறான். குங்ஃபூ எல்லா மக்களுக்கும் அன்றாட வாழ்வில் பயன்பட வேண்டும் என்பது அவனது ஒரே பேச்சு. தெருவில் ஒரு பெண் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதைக் காட்டி, இவருக்குக் குங்ஃபூ தெரிந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று ஃபுங்கிடம் விளக்குகிறான். இந்தச் சிறு காட்சியைக் கவனமாகப் பாருங்கள். பேசும்போது அவன் முகத்தில் ஒரு துளி விளையாட்டும் இல்லை. மருத்துவர் ஒருவர் தடுப்பூசியின் அவசியத்தை எடுத்துரைப்பது போன்ற தீவிரம் இருக்கிறது. அந்தத் தீவிரம் குலையாமல் இருப்பதால்தான் காட்சி சிரிப்பூட்டுகிறது. பேச்சு முடிந்து அவன் உதைக்கும் பீர் டப்பா வானத்தில் மறைந்துபோகிறது. பின்னர் அது ஒரு சுவரில் பதிந்து கிடப்பதைக் கண்டபோதுதான் ஃபுங்குக்கு உண்மை உறைக்கிறது.

சிங்கின் அண்ணன் தம்பிகளாகிய மற்ற ஐவரையும் அவர்கள் வாழும் நிலையில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தலைக்காரரான மூத்தவர் இரவு விடுதியில் கீழ்நிலை வேலை பார்க்கிறார். இரும்புச் சட்டை என்னும் கலையில் தேர்ந்தவர் கைபேசியும் பணக்கணக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறார். வெறுங்கையால் எதையும் பிடிக்க வல்லவர் வேலையில்லாமல் இருக்கிறார். காற்றில் மிதக்கும் கலை கற்ற இளையவர் உடல் பெருத்து, பேரங்காடியில் வேலை செய்கிறார். கனவு இல்லாத மனிதனுக்கும் கருவாட்டுக்கும் என்ன வேறுபாடு என்று சிங் கேட்பது இவர்களைப் போன்றவர்களிடம்தான். அதைக் கேட்டு யாரும் உடனே எழுந்து நிற்பதில்லை. சிங்கும் மூத்தவரும் இரவு விடுதி மேடையில் ஷாவோலின் குங்ஃபூவின் பெருமையைப் பாடி ஆட, கேட்டவர்கள் அவர்களை அடித்து விரட்டுகிறார்கள். மறுநாள் அடிக்க வந்த கும்பலைச் சிங் பந்தை மட்டும் உதைத்து வீழ்த்துவதைப் பார்த்த பிறகே, குங்ஃபூவைக் கால்பந்தோடு சேர்க்கும் எண்ணம் ஃபுங்குக்குப் பிறக்கிறது.

மூத்தவராக நடித்த வோங் யாட்-ஃபெய்க்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. சகோதரர்களாக நடித்தவர்கள் அனைவரும் பழகிய முகங்கள் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. டின் காய்-மான், சௌவின் படங்களில் தயாரிப்பு மேலாளராக இருந்தவர். லாம் சி-சுங் கதை எழுத வந்தவர். டானி சான் நடனம் அமைக்க அழைக்கப்பட்டவர். நட்சத்திரங்களின் பளபளப்பு இல்லாத இந்த முகங்களால்தான், நகரத்தின் சந்துகளில் தொலைந்துபோன மனிதர்கள் என்பதை நாம் நம்புகிறோம்.

நான்காம் படி: பயிற்சிப் போட்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தல்

படத்தின் மிகச் சிறந்த பகுதி இறுதிப் போட்டி என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் அது நடுவில் வரும் பயிற்சிப் போட்டிதான். அடியாட்கள் நிறைந்த ஒரு அணியோடு சகோதரர்கள் மோதுகிறார்கள். எதிரணித் தலைவனின் உடையிலிருந்து ஸ்பேனர் விழுகிறது. கேட்டால், தான் வண்டி பழுதுபார்ப்பவன், ஸ்பேனர் வைத்திருப்பது இயல்புதானே என்கிறான். பிறகு நடப்பது கால்பந்தே அல்ல. சுத்தியலும் குறடுமாக அடி விழுகிறது. சகோதரர்கள் மண்ணில் ஊர்ந்து தவிக்கிறார்கள். ஒருவரின் தலையில் உள்ளாடையை மாட்டச் செய்து அவமதிக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் இயக்குநர் செய்வதைக் கவனியுங்கள். முதலில் இதை நகைச்சுவையாகத் தொடங்குகிறார். அடி விழ விழ ஒலியும் ஒளியும் மாறுகின்றன. புழுதியும் புகையும் சூழ, இடம் போர்க்களமாகத் தோன்றத் தொடங்குகிறது. சிரித்துக்கொண்டிருந்த நாம் எந்த நொடியில் சிரிப்பை நிறுத்தினோம் என்று சொல்ல முடியாது. அவமானம் அடிமட்டத்தைத் தொட்ட கணத்தில் ஒவ்வொருவரின் உடலும் தான் கற்றதை நினைவுகூர்கிறது. அண்ணன்மார்களே, அணிக்குத் திரும்பி வந்ததற்கு வரவேற்பு என்ற பொருளில் சிங் சொல்லும் ஒற்றை வரியோடு காட்சி திசை திரும்புகிறது. தேர்ச்சி பெறுவதற்காக மலையேறி, தண்ணீர் சுமந்து, மாதக்கணக்கில் பயிலும் வழக்கமான பயிற்சிக் காட்சித் தொடர் இங்கே தேவைப்படவில்லை. கலை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் மறந்திருந்தது அது தங்களிடம் இருக்கிறது என்பதை.

இதற்கு நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. கால்பந்து அணிக்குப் பதினொருவர் வேண்டும். சகோதரர்களோ ஆறு பேர். அடித்த அடியாட்களே தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்க, அணி நிரம்புகிறது. ஒரே காட்சியில் பகைமையும் தேர்ச்சியும் ஆள் கணக்கும் தீர்ந்துபோகும் இந்தத் திரைக்கதைச் சிக்கனத்தை, எழுதப் பழகுபவர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கலையையும் ஆடுகளத்தையும் பொருத்திப் பார்த்தல்

தொடர் வெற்றிகள் வரும் பகுதி வேகமாக நகரும். இங்கே ஒவ்வொரு கலையும் கால்பந்தில் எந்தப் பணியை ஏற்கிறது என்று மட்டும் பாருங்கள். வெறுங்கை வித்தகர் கோல்கீப்பராகிறார். வயிற்றைக் கவசமாக்கியவர் வந்த பந்தை வயிற்றில் வாங்கி, அதே வயிற்றால் எறிகிறார். தலை இரும்பானவருக்கு உயரப் பந்துகள். பெருத்த உடலோடு மிதக்கும் இளையவருக்கு வானம். சிங்குக்கு உதை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வல்லமை, அந்த வல்லமைக்கு ஒரே ஓர் இடம் என்னும் ஒழுங்கைப் படம் கடைசிவரை மீறுவதில்லை. மாயத்துக்கும் ஒரு வரம்பு இருப்பதால்தான், அந்த வரம்பை எதிரணி உடைக்கும்போது நமக்குப் பதற்றம் வருகிறது.

கோல்கீப்பராக வரும் டானி சானைத் தனியாகக் கவனியுங்கள். முகச்சாயல், சிகை, கருப்புக் கோடிட்ட மஞ்சள் உடை எல்லாம் ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் புரூஸ் லீ தோன்றும் வடிவை அப்படியே நினைவூட்டும். இது கேலி அன்று, வணக்கம். பின்னர் 2008இல் சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவர் புரூஸ் லீயாகவே நடித்தார்.

இடையில் ஓர் அணியில் ஒட்டு மீசையோடு இரண்டு வீரர்கள் வருவார்கள். அவர்கள் கேரன் மோக்கும் செசிலியா சேயுங்கும். இருவரும் சௌவின் முந்தைய படங்களின் நாயகிகள். ஹாங்காங் பார்வையாளர்கள் கைதட்டிய இடம் அது.

காட்சியாக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சண்டை அமைப்பாளர் சிங் சியு-துங், கம்பியில் மனிதர்களைப் பறக்கவிடுவதில் ஹாங்காங் திரையுலகின் பெரும் கைகளுள் ஒருவர். நம் ஊர்ப் பார்வையாளர்கள் 2006இல் வந்த ‘கிரிஷ்’ இந்திப் படத்திலும் அவரது கைவண்ணத்தைக் கண்டிருப்பார்கள். கணினி வரைகலையைச் செய்தது ஹாங்காங்கின் சென்ட்ரோ டிஜிட்டல் பிக்சர்ஸ். மனித உடல் பறக்கும்போது பெரும்பாலும் கம்பியின் கனம் தெரியும். பந்து பறக்கும்போது வரைகலையின் எடையின்மை தெரியும். இரண்டும் ஒட்டாமல் தெரியும் இடங்கள் உண்டு. இன்றைய கண்ணுக்கு வரைகலை பழையதாகத் தோன்றலாம். ஆனால் சௌ மெய்ம்மையைத் தேடவில்லை, சித்திரக்கதையின் கோட்டைத் தேடினார் என்று கொண்டால் அந்தக் குறை உறுத்தாது.

ஆறாம் படி: மாந்தோ கடையின் கதையை மட்டும் தனியே பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். கால்பந்துக் காட்சிகளை ஓட்டிவிட்டு, முய் என்னும் பெண் வரும் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அவற்றைச் சேர்த்தால் உள்ளே இன்னொரு படம் இருப்பது தெரியும்.

முய், மாந்தோ என்னும் ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டம் விற்கும் தெருக்கடையில் மாவு பிசைபவள். முகம் முழுவதும் தழும்பும் பருவுமாக, அதை மறைக்கத் தலைமுடியைத் தொங்கவிட்டிருப்பாள். அந்தக் காலத்தில் சீனத் தொலைக்காட்சி மூலம் ஆசியா முழுவதும் பேரழகியாக அறியப்பட்டிருந்த ஜாவோ வெய்யை இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் துணிவு இருக்கிறது. சிங் முதன்முதலில் அவளைப் பார்க்கும்போது நமக்குக் காட்டப்படுவது முகம் அன்று, கைகள். மாவு உருண்டை அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே தரையைத் தொடாமல் சுழல்கிறது. பொடி வட்டமாகப் பறக்கிறது. கையின் ஒவ்வொரு வளைவும் தாய்ச்சியின் அசைவு. சுற்றி நின்று மாந்தோ வாங்கிக்கொண்டிருக்கும் எவருக்கும் அது கலை என்று தெரியாது. சிங்குக்குத் தெரிகிறது. நகரமே கவனிக்காத ஒரு பெண்ணின் கையில் தன் கனவு ஏற்கெனவே நிறைவேறியிருப்பதை, அதாவது குங்ஃபூ அன்றாட உழைப்பாக மாறியிருப்பதை, அவன் கண்டுவிடுகிறான். கடைக்கு முன் தெருவில் எல்லோரும் கூடி ஆடும் நடனம் இதையொட்டித்தான் வருகிறது.

பணம் இல்லாத சிங் தன் கிழிந்த காலணியை அவளிடம் விட்டுச்செல்கிறான். அவள் அதைத் தைத்துத் தருகிறாள். ஒருநாள் இரவு அவளை ஒரு பெரிய துணிக்கடைக்கு அழைத்துப்போய், அழகான உடைகளைக் காட்டி மகிழ்விக்கிறான். அவன் அங்கே துப்புரவு வேலை செய்பவன் என்பது பிறகு தெரிகிறது. அவனுக்காகவே அவள் ஒப்பனை செய்துகொண்டு, அளவுக்கு மீறிய அலங்காரத்தோடு வந்து நிற்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். தன்னை விரும்புகிறாயா என்று அவள் கேட்கும்போது, நண்பனாக மட்டும் இருக்க விரும்புவதாகச் சொல்லிவிடுகிறான். அதன்பின் வரும் மாந்தோ உப்புக் கரிக்கிறது, ஏனெனில் மாவில் கண்ணீர் விழுந்திருக்கிறது.

இந்தப் பகுதியில் சிங் குற்றமற்றவன் அல்லன். அனைவருக்கும் உள்ளே ஒரு வல்லமை இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், தன் முன் நிற்கும் பெண்ணின் மனத்தைப் பார்க்கத் தவறுகிறான். ஒப்பனையால் பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் பழைய ஹாங்காங் நகைச்சுவை வழக்கம் இங்கே தலைகாட்டுவதும் உண்மை. அந்தச் சில நிமிடங்கள் இன்று பார்க்கையில் சங்கடம் தருகின்றன. ஆனால் கதை அந்தச் சிரிப்போடு அவளை விட்டுவிடாமல், இறுதி முடிவையே அவள் கையில் கொடுக்கிறது. வெட்டப்பட்ட பதிப்பை வேண்டாம் என்று முதல் படியில் சொன்னதற்கு இந்த இழைதான் காரணம். இங்கே ஒரு காட்சி குறைந்தாலும் கடைசிக் கணம் பொருளிழந்துவிடும்.

ஏழாம் படி: இறுதிப் போட்டியைத் தர்க்கமாகப் படித்தல்

ஹுங்கின் அணி வெளிப்படையாகவே பேய்களின் அணி என்று பெயர் வைத்துக்கொண்டது. அமெரிக்க மருந்துகளாலும் இயந்திரப் பயிற்சியாலும் உருவாக்கப்பட்ட உடல்கள் அவர்களுடையவை. ஹுங்காக வரும் பேட்ரிக் சே, ஐம்பது அறுபதுகளில் ஹாங்காங் பெண்களின் கனவு நாயகனாக இருந்தவர். 2022இல் தம் 85ஆம் வயதில் சிறந்த நடிகர் விருது பெற்றவர். நடுவர், துணை நடுவர், நடத்துபவர்கள் என எல்லோரும் என் ஆட்கள், என்னோடு எப்படி மோதுவாய் என்று குரல் உயர்த்தாமல் அவர் சொல்லும் வசனம், சீன மொழி பேசும் நாடுகளில் ஊழல் நிறைந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஃபுங்கின் காலை உடைத்த கூட்டத்தை ஏவியவரும் தாமே என்பதை அவர் சொல்லும்போதும் அதே தணிந்த குரல்தான்.

போட்டியை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் சிங்கின் உதை. அதுவரை சுவரைத் துளைத்த உதையை எதிரணிக் கோல்கீப்பர் எளிதாகப் பிடித்துவிடுகிறார். வன்மைக்கு மேல் வன்மை உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்படுகிறது. இரண்டாவதாக, எதிரணியின் பந்தைத் தடுக்க நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்கிறார்கள். மஞ்சள் உடை கந்தலாகும் காட்சியில் சிரிப்பு வருவதில்லை. இரும்புச் சட்டையும் தாங்கவில்லை. இரும்பை இன்னும் கெட்டியான இரும்பால் அடித்தால் உடையத்தான் செய்யும். புறக்கலைகள் அனைத்தும் இங்கே தீர்ந்துபோகின்றன. ஆள் குறைந்து, போட்டியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வருகிறது.

மூன்றாம் கட்டத்தில் முய் வருகிறாள். தலையை மழித்து, முகத்தை மறைக்க ஒரு முடியும் இல்லாமல், கோல்கீப்பராக நிற்க வருகிறாள். பூமி ஆபத்தான இடம், செவ்வாய்க் கிரகத்துக்கே திரும்பிப் போய்விடு என்று சிங் அவளிடம் சொல்கிறான். நகைச்சுவை வரியாகப் புகழ்பெற்ற அந்தச் சொல்லுக்குள் அவள் அடிபட்டுவிடுவாளோ என்னும் அச்சம் இருக்கிறது. அவள் போவதில்லை. நெருப்பாக வரும் பந்தைத் தடுப்பதும் இல்லை. மாவைச் சுழற்றிய அதே வளைவில் அதை வாங்கி, சுழற்றி, விசையைத் தணித்து, தன்வசமாக்குகிறாள். பிறகு சிங்கின் காலும் அவளது கையும் சேர்ந்து அனுப்பும் பந்து, சுழற்காற்றாகி எதிரணியையும் கோலையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறது. இரண்டாம் படியில் சொன்ன பகுப்பை இங்கே நினைவுகூருங்கள். ஆறு ஆண்களின் வன்கலை தோற்ற இடத்தில் ஒரு மாந்தோக்காரியின் மென்கலை வென்றது எதேச்சையானது அன்று. முதல் அரைமணியில் மாவு சுழன்றபோதே இந்தக் கோல் விதைக்கப்பட்டுவிட்டது.

எட்டாம் படி: அடுத்து என்ன பார்ப்பது

முதலில் பின்னோக்கிச் செல்லுங்கள். 1999இல் வந்த ‘கிங் ஆஃப் காமெடி’யில் சௌ ஒரு துணை நடிகனாக வருவார். யாரும் மதிக்காத ஒருவன் தன் தொழிலைத் தீவிரமாக நம்புவது என்னும் கருவை, மாயமும் வரைகலையும் இல்லாமல் அங்கே காணலாம். 1996இல் வந்த ‘காட் ஆஃப் குக்கரி’யில் சமையலும் குங்ஃபூவும் கலந்திருப்பதைப் பார்த்தால், மாந்தோ கடை எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

பிறகு 2004இல் வந்த ‘குங்ஃபூ ஹசில்’. வரைகலையும் சண்டையும் அதில் பன்மடங்கு தேர்ந்திருக்கும். கோடரிக் கும்பலின் தலைவனாக நடனமாடும் டானி சான், அக்கும்பலின் ஆலோசகராக டின் காய்-மான், நாயகனின் பருத்த கூட்டாளியாக லாம் சி-சுங் என இங்கே பார்த்த சகோதரர்களை அங்கே வேறு வடிவில் காண்பீர்கள். தையற்காரரும் சுமைதூக்குபவரும் நூடுல்ஸ் செய்பவரும் மறைந்து வாழும் போர்க்கலை மேதைகளாக இருப்பது முய்யின் கதையின் நீட்சியே. இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால், திரைத்தொழிலில் ‘குங்ஃபூ ஹசில்’ முன்னே நிற்கிறது. மனிதர்கள் மீதுள்ள பரிவில் ‘ஷாவோலின் சாக்கர்’ ஒரு படி மேல் என்பேன்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, ‘ஷாவோலின் சாக்கர்’ படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிங் தெருவில் ஓடிவருகிறான். வழுக்கிய பெண் காற்றில் சுழன்று நேராக நிற்கிறாள். வண்டியை நிறுத்த இடம் போதாதவர் அதைக் கையால் தள்ளிப் பொருத்துகிறார். டைம் இதழின் அட்டையில் சிங்கும் முய்யும் இருக்கிறார்கள். கோப்பையை வென்றதற்கான கொண்டாட்டத்தை விட இந்தத் தெருவுக்கே இயக்குநர் அதிக இடம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள்.